தொட்டிக்குள் சால்மன்: நீரைப் பற்றிய கேள்விகள்

சென்ற இதழில், நார்வேயில் கரையிலேயே கட்டப்பட்ட மூடிய தொட்டிகளில் சால்மன் குஞ்சுகளை வளர்த்து, பிறகு கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளுக்கு மாற்றும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். ஒரே நீரை வடிகட்டி, அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. அந்த நீரின் தன்மை மீனை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நான் பல ஆண்டுகளாக இறால் குளம் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். சால்மன் வளர்ப்பவர்களோ தூய ஆக்சிஜனையே தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். அதற்குப் பிறகும் மீன் சரியாக வளரவில்லை என்று சொல்வது எதனால்?
— இறால் பண்ணையாளர், வேதாரண்யம்

உங்கள் குளத்தில் பகலெல்லாம் நுண்பாசிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கொடுக்கின்றன. இரவில் அவையும் இறாலோடு சேர்ந்து சுவாசிப்பதால்தான் விடியற்காலையில் நீங்கள் மீட்டரும் கையுமாகக் கரையில் நிற்க வேண்டியிருக்கிறது. குளத்து ஏரேட்டர் நீரை அடித்துத் தெறிக்கவிடும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நீருக்குள் இறங்குகிறது. நீரில் மிகுந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் கூடவே வெளியேறுகிறது. சால்மன் தொட்டியில் பாசியும் இல்லை, இப்படித் தெறிக்கும் நீரும் இல்லை. ஆக்சிஜன் அழுத்தத்தில் கரைக்கப்பட்டு நேரே உள்ளே போவதால் ஒரு கன மீட்டர் நீரில் 50 கிலோவுக்கு மேலும் மீனை வைத்திருக்க முடிகிறது. ஆனால் அந்த மீன்கள் ஒரு கிலோ ஆக்சிஜனைச் சுவாசித்தால் 1.3 முதல் 1.4 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. அதை வெளியேற்றத் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், ஆக்சிஜன் மீட்டர் நிறைவாகக் காட்டிக்கொண்டிருக்கும் அதே நீரில் மீன் திணறிக்கொண்டிருக்கும்.

நார்வேயில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் என்பதைக் கார்பன் டை ஆக்சைடின் மேல் வரம்பாகப் பரிந்துரைக்கிறார்கள். சுண்டால்சோரா என்னும் ஊரில் நொஃபிமா ஆய்வு நிறுவனத்தினர் இளம் சால்மன்களை லிட்டருக்கு 5 முதல் 40 மில்லிகிராம் வரையிலான வெவ்வேறு அளவுகளில் வளர்த்துப் பார்த்தபோது, அளவு கூடக் கூட வளர்ச்சி குறைந்துகொண்டே போனது. இங்கே கவனிக்க வேண்டியது, மீன் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை என்பதுதான். செத்து மிதக்கும் மீனை எவரும் பார்த்துவிடுவார்கள். சற்றே குறைவாக வளரும் மீனை எடைத்தராசு மட்டுமே காட்டிக்கொடுக்கும். நீண்ட நாள் இந்த நிலை நீடித்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்புப் படிவு உண்டாவதும் உண்டு.

அப்படியானால் கார்பன் டை ஆக்சைடை முழுவதும் விரட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீரை மேலிருந்து சிதறி விழச் செய்து, எதிர்த்திசையில் காற்றை ஊதி அதை வெளியேற்றுகிறார்கள். ஆனால் அது வெளியேற வெளியேற நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) உயர்கிறது. மீன் செவுள் வழியாக வெளிவிடும் அமோனியாவின் பெரும்பகுதி, பி.எச். 7 இருக்கும்வரை தீங்கு குறைந்த அயனி வடிவில்தான் இருக்கும். 12 டிகிரி செல்சியஸில் சுமார் 0.2 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 2 விழுக்காட்டைத் தொடும். தொட்டியில் ஒரு துளி அமோனியாகூடக் கூடாத நிலையிலும் நஞ்சு பத்து மடங்காகிவிடுகிறது. இதற்கு நேர் எதிரான வேலை உயிரி வடிகட்டியில் நடக்கிறது: அங்கே பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடுவதால் பி.எச். சரிந்துகொண்டே போகும்; அதை ஈடுகட்டச் சோடியம் பைகார்பனேட்டையோ சுண்ணாம்பையோ சேர்க்க வேண்டும். ஆகவே ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்துக் கவலை தீர்ந்தது என்பது உங்கள் குளத்துக்குப் பொருந்தலாம். சால்மன் தொட்டிக்குப் பொருந்தாது. அங்கே ஓர் எண்ணைத் திருத்தப் போனால் மற்ற மூன்றும் நகரும்.

நைட்ரைட், நைட்ரேட் இரண்டில் எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும்?
— மீன்வளக் கல்லூரி மாணவி, தூத்துக்குடி

ஐயமில்லாமல் நைட்ரைட்டுக்குத்தான். அது செவுள் வழியாக இரத்தத்தில் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாததாக மாற்றிவிடுகிறது. அப்போது இரத்தமே பழுப்பேறிப் போகும். புதிய உயிரி வடிகட்டியில் பாக்டீரியா நிலைகொள்ள வாரக்கணக்காகும். சால்மனுக்கு ஏற்ற குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். அமோனியா நைட்ரேட்டாக மாறும் வழியில் முதலில் உண்டாவது நைட்ரைட் என்பதால், இந்த இடைவெளியில்தான் அது ஏறுகிறது. செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வழியில் குளோரைடும் நுழைவதால், நீரில் உப்பைச் சேர்த்தால் நஞ்சு உள்ளே போவது குறையும். சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்போர் புதுத் தொட்டியில் ஒரு பிடி கல் உப்பைப் போடுவதன் பின்னாலும் இந்த நியாயம் உண்டு. நைட்ரேட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த ஆய்வில், நைட்ரேட் நைட்ரஜன் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்த நன்னீரிலும் இளம் சால்மன்களின் வளர்ச்சியில் குறை காணப்படவில்லை.

நான் நோர்வேயில் ஒரு சால்மன் குஞ்சு நிலையத்தில் வேலை செய்கிறேன். தொட்டிகளில் கடல்நீரைக் கலக்கத் தொடங்கிய பிறகு, அழுகிய முட்டை மணம் வந்தால் உடனே அறிவிக்கும்படி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நன்னீர் மட்டும் இருந்த காலத்தில் இந்தப் பேச்சே இருக்கவில்லை. ஏன்?
— வாசகர், பெர்கன்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. நன்னீரில் அது மிகச் சொற்பம். மீன் கழிவும் தீனி மிச்சமும் குழாய் வளைவிலோ வடிகட்டியின் அடியிலோ படிந்து, அந்தப் படிவின் உட்புறத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால், சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. நீங்கள் சொல்லும் மணம் அதனுடையது. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே அது சால்மனைப் பாதிக்கும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தையே அது அடைத்துவிடுவதால், நீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீனுக்கு உதவுவதில்லை. படிவு அசையாமல் கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. நின்றிருந்த பம்ப்பை மீண்டும் ஓடவிடும்போதும், பராமரிப்புக்காக அடிப்படிவைக் கிளறும்போதும் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் நீரில் கலக்கிறது. சில மணி நேரத்தில் தொட்டி முழுவதும் செத்துவிடக்கூடும். இந்த வாயு மனிதருக்கும் நஞ்சு. அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாமல் போகும் என்பதால், மூடிய அறைகளில் உங்கள் மூக்கை நம்பாமல் அளவுகருவியை நம்புங்கள்.

உப்பு நீரால் வேறு சிரமங்களும் உண்டு. 12 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 10.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். முழுக் கடல்நீர் சுமார் 8.6 மில்லிகிராம்தான் தாங்கும். கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதும் அதில் கடினம். இருந்தாலும் உங்கள் நிலையம் உப்பைக் கலப்பதில் காரணம் இருக்கிறது: ஆயிரத்தில் 12 பங்கு அளவு உப்புள்ள நீர் மீனின் உடலிலுள்ள உப்பின் அளவுக்கு நெருக்கமானது என்பதால், அதில் இளம் சால்மன்கள் நன்றாக வளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நீர் கொஞ்சம் கலங்கலாக இருப்பதால் என்ன கெட்டுவிடும்? ஆற்று மீன் கலங்கலில் வாழவில்லையா?
— வாசகர், திருவையாறு

வாழ்கிறது. காவிரியில் புதுவெள்ளம் வரும்போது கலங்கலாக ஓடுவது வண்டல் மண். தொட்டிக் கலங்கலோ பெரும்பாலும் மலமும் தீனித்தூளும். அவை செவுளை உறுத்துவதோடு, பாக்டீரியாவுக்கு உணவாகி ஆக்சிஜனையும் தின்கின்றன. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவில், கரையில் கட்டப்பட்ட ஒரு பெரிய சால்மன் பண்ணையில் சுமார் 500 டன் மீன் செத்தது. கழிவுத் துகள்களைச் சல்லடைபோல வடித்தெடுக்கும் டிரம் ஃபில்டர்கள் சரியாக இயங்காததால் நீர் கலங்கியது, வாயுக்களும் கூடியிருக்கலாம், அதனால் மிரண்ட மீன்கள் தொட்டியின் அடியில் குவிந்து புதுநீரின் ஓட்டத்தையே தடுத்துவிட்டன என்று அந்த நிறுவனம் அறிவித்தது. கலங்கல் தானாகக் கொன்றதைவிட, மீன்களே ஒன்றன் மூச்சை ஒன்று அடைத்துக்கொண்டது என்று சொன்னால் பொருந்தும்.

நம்மூர்க் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பதும் இதுதானா?
— வாசகி, மயிலாப்பூர்

இல்லை. அது காலா மீன். வெப்பக் கடலில் வாழும் வேறு இனம்.

தொட்டியில் வளர்ந்த சால்மனில் மண் வாசனை வரும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், கோயம்புத்தூர்

உண்மைதான். அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருள், கோடைமழையின் முதல் தூறலில் நம் மூக்கைத் தொடும் அதே பொருள். மழைக்கு அது சிறப்பு; மீனுக்கு அது குற்றம். வடிகட்டிகளில் குடியேறும் சில நுண்ணுயிர்கள் இதை வெளியிட, சால்மனின் கொழுப்பு மிகுந்த தசை அதைச் செவுள் வழியாக வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே விற்பனைக்கு முன் மீனை ஒன்று அல்லது இரண்டு வாரம் தனித்தொட்டியில், மறுசுழற்சி செய்யாத தூய நீரில், தீனி கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதனால் எடை குறைவதைப் பண்ணையே ஏற்கிறது. அந்தத் தனித்தொட்டியின் சுவரிலும் வழுவழுப்பான படலம் பிடித்துவிட்டால் வாசனை மீண்டும் மீனில் ஏறும் என்பதால், ஒவ்வொரு முறையும் மீனை இறக்குவதற்கு முன் தொட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கழுவிக்கொள்கிறார்கள்.