4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்? பகா எண் மாதிரித்தானே தெரிகிறது?

அப்படித்தான் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவும் நம்பினார். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று வைத்து, கூடவே 1 சேர்த்துப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுக்க இப்படியே போகும் என்று 1640-இல் அவர் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் மட்டும் கைவசம் இல்லை. வரிசையில் அடுத்தது 2³² + 1. அதுதான் நீங்கள் கேட்டிருக்கும் எண்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணிதர் இதை இன்னொரு கணித மேதையான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் விடையைச் சொன்னார்: 4294967297 = 641 × 6700417.

641-ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116-ஆவதாக. ஆனால் ஆய்லர் பின்னாளில் நிறுவிய ஒரு விதி இருக்கிறது: இந்த எண்ணின் எந்தக் காரணியை 64-ஆல் வகுத்தாலும் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் சிக்கிவிடுகிறார்!

வகுக்காமலே காட்டும் வழி எனக்கு இன்னும் பிடிக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் போட்டுக் காட்டுவது இது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

x⁴ − 1 என்பது x + 1-ஆல் மீதியின்றி வகுபடும், இல்லையா? x-க்குப் பதில் 5 × 2⁷ போடுங்கள். 5⁴ × 2²⁸ − 1 என்பது 641-ஆல் வகுபடுகிறது. சரி, இப்போது இரண்டாவது வரியை 2²⁸-ஆல் பெருக்குங்கள். 5⁴ × 2²⁸ + 2³² கிடைக்கும், அதுவும் 641-ஆல் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. அவ்வளவுதான். பத்து இலக்க எண்ணை முழுசாக எழுதக்கூடத் தேவைப்படவில்லை. இதைவிட அழகான நான்கு வரிக் கணக்கு எனக்குத் தெரியாது.

பக்கத்து எண் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் 4294967295, அதாவது 2³² − 1. கணினியில் 32 பிட்டுகளில், அதாவது 0, 1 மட்டுமே வரும் 32 இலக்கங்களில், கழித்தல் குறியில்லாமல் எழுதும் முழு எண்ணின் உச்சவரம்பு அதுதான்.

அந்த ஐந்து பகா எண்களுக்கு மேல் இந்த வரிசையில் ஒரு பகா எண்ணும் இதுவரை அகப்படவில்லை. அடுத்த எண்ணான 2⁶⁴ + 1-ஐ 1880-இல், தம் 82-ஆம் வயதில், லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணிதர் காரணிகளாக உடைத்தார். சிறிய காரணி 274177. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், அடுக்கு 2³² ஆக இருக்கும் எண் வரை எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்து, அடுக்கு 2³³ ஆகும் எண்ணுக்கு இன்னும் விடை இல்லை. எழுதப்போனால் அதில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும்.