பத்மினியின் எஞ்சினும் பந்தயக் கார்களும்: வாசகர் கேள்வி–பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் வாப்பா வாங்கிய பிரிமியர் பத்மினி இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. இதே எஞ்சினை வைத்து இத்தாலியில் ஒருவர் பந்தயக் கார் செய்தார் என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: பெரும்பாலும் நம்பலாம். பம்பாய் குர்லாவில் தயாரான பத்மினி, பியட் 1100 டி காரின் இந்தியப் பதிப்பு. அதன் 1,089 சி.சி. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 75 மி.மீ. பியட் நிறுவனத்தின் பொறியாளர் தாந்தே ஜியாகோசாவின் கைவண்ணத்தில் 1930-களின் பிற்பகுதியில் உருவான எஞ்சினுக்கும் இதே அளவுகள்தாம். உங்கள் காரில் இருப்பது அந்த வழியில் பிற்காலத்தில் வந்தது. மூத்த எஞ்சினை, டூரின் நகரத் தொழிலதிபர் பியரோ டூசியோ, போர் முடிந்த கையோடு தம் சிசிதாலியா நிறுவனத்தின் 202 என்ற காரில் பொருத்தினார்.

அந்நாளைய இத்தாலியில் தொழிற்சாலைகள் குண்டுவீச்சில் சிதைந்திருந்தன. எஃகுக்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. புதிதாக ஓர் எஞ்சினை வடிவமைக்கப் பணமோ பட்டறையோ இல்லாதவர்களுக்கு, ஊரெங்கும் உதிரிப் பாகம் கிடைக்கும் பியட் எஞ்சினே கதி. அதன் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் எரிகலவை அழுத்தப்படும் அளவை) கூட்டி, கார்புரேட்டரை மாற்றி, சுமார் 55 குதிரைத்திறன் வரை எடுத்தார்கள். வண்டியின் எடையை 800 கிலோவுக்குள் அடக்கியதால், அந்தச் சிறிய எஞ்சினே அதனை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு சென்றது. (இதைப் படித்துவிட்டு உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் பத்மினியின் கம்ப்ரஷனைக் கூட்டச் சொல்லிவிடாதீர்கள்.)

1947-ஆம் ஆண்டு, பிரெஷாவில் புறப்பட்டு ரோம் வரை சென்று திரும்பும் மில்லே மில்லியா பந்தயத்தில், 54 வயதான தாட்சியோ நுவோலாரி, உடல்நலம் குன்றிய நிலையிலும், 202-இன் திறந்த வடிவத்தை ஓட்டி நெடுந்தூரம் முன்னணியில் இருந்தார். கடைசிக் கட்டத்தில் கொட்டிய மழையில் எஞ்சினுக்குள் நீர் புகுந்து வண்டி நின்றுவிட, அதைச் சரிசெய்து மீண்டும் கிளம்புவதற்குள் பியோந்தெத்தியின் ஆல்ஃபா ரோமியோ முந்திக்கொண்டது. முந்தியது 2,900 சி.சி. வண்டி, இரண்டாவதாக வந்தது 1,100 சி.சி. வண்டி.

மூடிய 202-க்குப் பினின்ஃபாரினா பட்டறை செய்த உடல் அதைவிடப் புகழ்பெற்றது. அதுவரை கார்களில் சக்கரத்தின் மேல்மூடியும் பானெட்டும் முகவிளக்கும் தனித்தனியே செய்து ஒட்டியவை போலவே தெரிந்தன. 202-இல் பானெட் இருபுறச் சக்கரமூடிகளையும்விடத் தாழ்ந்திருக்கிறது. விளக்குகள் மூடிக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றன. முன் சக்கரத்தில் தொடங்கும் வளைவு வால்வரை அறாமல் செல்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் கார்களுக்கென நடத்திய கண்காட்சியில் இதையும் வைத்தது. பின்னர் தன் நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது. எல்லாமாகச் சுமார் 170 வண்டிகளே உருவாயின. போர்ஷே குழுவிடம் ஒரு கிராண்ட் பிரீ காரை வடிவமைக்கச் சொல்லி டூசியோ கொட்டிய பணம் நிறுவனத்தையே விழுங்கிவிட, அவர் அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சேர்ந்தார். சிசிதாலியாவில் பணியாற்றிய கார்லோ அபார்த், எஞ்சியவற்றைக் கொண்டு 1949-இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார்.

கேள்வி: இத்தனை புகழ் பெற்றும் ஏன் நூறு, இருநூறு என்று மட்டும் செய்தார்கள்? விலையை ஏற்றுவதற்காகவா? (வாசகர், மண்டபம்)

பதில்: இன்றைய நிறுவனங்கள் அப்படிச் செய்வதுண்டு. அன்று அவர்களால் அதற்குமேல் செய்ய முடியவில்லை என்பதே உண்மை. மிலானில் இருந்த டூரிங் பட்டறையின் ‘சூப்பர்லெஜ்ஜேரா’ முறையைப் பாருங்கள். முதலில் மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துக் கூடு கட்டுவார்கள். பிறகு அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். வங்குகளை (விலா எலும்பு போன்ற வளைகட்டைகளை) நிறுத்திவிட்டுப் பலகை அறையும் உங்கள் ஊர் வள்ளத்து ஆசாரிக்கு இந்த முறையை விளக்கவே வேண்டியதில்லை. தகட்டை வளைக்க அச்சு இயந்திரம் கிடையாது. குழிவான மரக்கட்டையின் மீதோ மணல்மூட்டையின் மீதோ தகட்டை வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைவைக் கொண்டுவருவார்கள். கூட்டின்மேல் வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தை மறுபடியும் தட்டுவார்கள். துண்டுகளைப் பற்றவைத்து, மூட்டு தெரியாதபடி அரத்தால் ராவுவார்கள். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு வண்டிகளில் ஒன்றின் கதவு மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாமல் போவது இதனால்தான். பொலோன்யாவில் மசராத்தி சகோதரர்கள் 1947-இல் தொடங்கிய ஓஸ்கா, மொடேனாவின் ஸ்தாங்குவெல்லினி, டூரினின் சியாத்தா என இப்படிப் பல சிறு பட்டறைகள் இருந்தன. 1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நிறுவனங்களின் வண்டிகளை வென்றது ஓஸ்காவின் 1,500 சி.சி. கார்.

கேள்வி: அப்படிப்பட்ட காரை எங்கள் ஊரில் வைத்திருந்தால் என்ன ஆகும்? (வாசகர், இராமேசுவரம்)

பதில்: கரைந்துபோகும். அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அது ஒரு சிறு பேட்டரியாகவே மாறிவிடுகிறது. அந்த மின்வேதி வினையில் முதலில் அரிபடுவது அலுமினியம். வண்ணப்பூச்சு கொப்பளித்து, அதன் அடியில் வெள்ளைத்தூள் பூக்கும். இதற்காகக் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே துணிப்பட்டை வைப்பதுண்டு. துணி நனைந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டால் அதுவே வினையை வளர்க்கும். மெல்லிய எஃகுக் குழாயோ உள்ளிருந்தே துருப்பிடிப்பதால், தகட்டைக் கழற்றும்வரை வெளியே தெரியாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைக் காப்பாற்ற ரயில்வே எத்தனை முறை வண்ணம் பூசியிருக்கும், எத்தனை எஃகு உறுப்புகளை மாற்றியிருக்கும் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தவர். ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தகடு அந்தக் காற்றுக்கு எம்மாத்திரம்? மூடிய அறையில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி வைப்பது ஒன்றே வழி.

கேள்வி: பெராரி 250 ஜி.டி.ஓ. முந்நூறு கோடி ரூபாய்க்கு விற்றதாகப் படித்தேன். அதில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் ஒரு வண்டி 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது, அன்றைய மதிப்பில் அது முந்நூறு கோடியைத் தாண்டும். 1962 முதல் 1964 வரை மூன்று லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினுடன் 36 வண்டிகள் உருவாயின. ஒவ்வொன்றும் எந்தப் பந்தயத்தில் யார் கையில் ஓடியது என்பது சேஸி எண் (வண்டியின் அடிச்சட்டத்துக்கு உரிய எண்) வாரியாகப் பதிவாகியிருக்கிறது. உடலை யார் வேண்டுமானாலும் புதிதாகத் தட்டிவிடலாம் என்பதால், இத்தகைய கார்களின் விலையை முடிவு செய்வது எண்ணும் ஆவணமுமே. என்னைக் கேட்டால், பொறியியலுக்காக லான்சியா ஔரேலியாவைத்தான் மேலே வைப்பேன். தொடர் உற்பத்திக்கு வந்த முதல் வி-6 எஞ்சின் (ஆறு சிலிண்டர்களை ‘V’ வடிவில் அமைத்தது) 1950-இல் அந்தக் காரில்தான் வந்தது. மறு ஆண்டே அதன் பி-20 வடிவம், இரண்டு லிட்டர் எஞ்சினோடு, மில்லே மில்லியாவில் 4.1 லிட்டர் பெராரிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது.

கேள்வி: இந்தக் கார்களைப் பெண்கள் யாராவது பந்தயத்தில் ஓட்டினார்களா? (வாசகி, தொண்டி)

பதில்: ஓட்டினார்கள். நேப்பிள்ஸில் பிறந்த மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ், ‘உன்னால் வேகமாக ஓட்ட முடியாது’ என்று அண்ணன்மார் பந்தயம் கட்டியதால் களமிறங்கி, சிறிய பியட் 500 காரில் முதல் போட்டியையே தம் பிரிவில் வென்றார். பின்னர் ஓஸ்கா, மசராத்தி கார்களை ஓட்டினார். 1958-இல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் பங்கேற்ற முதல் பெண்ணாகி, பெல்ஜியத்தில் பத்தாவதாக வந்தார்.

கேள்வி: மில்லே மில்லியா இப்போதும் நடக்கிறதா? (வாசகர், ஏர்வாடி)

பதில்: வேகப் பந்தயமாக நடப்பதில்லை. 1957-இல் குயிதிட்சோலோ ஊருக்கு அருகே அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோவின் பெராரி டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில், அவரும் உடன் வந்தவரும் பார்வையாளர் ஒன்பது பேரும் இறந்தனர்; அதோடு அரசு அதை நிறுத்தியது. 1977 முதல், 1927-க்கும் 1957-க்கும் இடையே அப்பந்தயத்தில் பங்கேற்ற மாதிரிகளுக்கு மட்டும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தைக் கடக்கும் போட்டியாக நடத்துகிறார்கள். பொதுச்சாலைகளில் செல்வதால், வழியோர ஊர்களில் நின்றும் பார்க்கலாம்.