நம் பாஸ்வேர்டு கசிந்ததா என்று மென்பொருள் மூலம் சோதித்தால், கசிந்தவற்றின் பட்டியலை வைத்திருக்கும் தளத்துக்கு அது தெரிந்துவிடாதா?

தெரியாது. கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அது பாஸ்வேர்டை உருவாக்கியும் தரும், இருப்பதைச் சோதித்தும் சொல்லும்.

உருவாக்குவதில் பெரிய ரகசியம் இல்லை. நாமாக யோசித்தால் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியில் ஒரு 123 என்றுதான் போவோம் (நானும்தான்). மென்பொருள் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறது, அதனால் ஊகிக்க முடியாது.

சோதிப்பதுதான் சுவாரசியம். கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலை ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளம் வைத்திருக்கிறது. உங்களுடையது அதில் உண்டா என்று பார்க்க வேண்டும், ஆனால் அதை அவர்களிடம் சொல்லக் கூடாது. அதனால் மென்பொருள் உங்கள் கணினியிலேயே பாஸ்வேர்டை 40 எழுத்துக் குறியீடாக அரைத்து, முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்புகிறது. பட்டியலில் அந்த 5 எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் எல்லாம் திரும்பி வரும். ஒப்பிடுவதும் உங்கள் கணினியில்தான்.

முன்பெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பேப்பரை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து நம் நம்பரைத் தேடுவோமே, அதே கதைதான். கடைக்காரருக்கு நம் நம்பர் தெரியாது.

அப்புறம், பட்டியலில் இல்லை என்றால் பாஸ்வேர்டு வலுவானது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு இன்னும் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.