ஓபியை வெட்டலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கப்பலில் பணிபுரியும் என் மகன், யோக்கோஹாமாவில் பழைய துணிகள் விற்கும் கடையொன்றில் வாங்கியதாக, கிமோனோவின் மேல் சுற்றிக் கட்டும் ஓபி என்னும் இடைக்கச்சை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். ஓரடி அகலமும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள அதில் பொன்னிழையால் கொக்குகளும் பைன் மரங்களும் நெய்யப்பட்டுள்ளன. ஆனால் இடையில் ஒரு பெரும்பகுதி வேலைப்பாடே இல்லாமல் வெறுமையாகக் கிடப்பதால், குறையுள்ள துணியோ என்று ஐயமாக இருக்கிறது. ஒரு பகுதியைக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டு, மீதியை வெட்டித் திண்டு உறை தைக்க எண்ணுகிறேன். தையற்காரரிடம் கொடுக்கலாமா?
(தக்கலை வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம். குறை எதுவும் இல்லை. தாங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது 1920களில் புழக்கத்துக்கு வந்த ஃபுக்குரோ வகையாக இருக்கலாம். அதற்கு முன் பெருவழக்காக இருந்த மாரு வகையில் இரண்டு பக்கமும் வேலைப்பாடு இருக்கும். அதன் கனமும் விலையும் அதிகம் என்பதால், பின்புறத்துக்கு வெறும் பட்டுத்துணியை வைத்து இலேசாக்கிய வடிவமே ஃபுக்குரோ. இவற்றில் பலவற்றில் நீளத்தின் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்குக்குத்தான் வேலைப்பாடு இருக்கும். இடுப்பைச் சுற்றும் முதல் சுற்று இரண்டாம் சுற்றுக்குள் மறைந்துவிடும் என்பதால், யார் கண்ணிலும் படாத இடத்தில் பொன்னிழையை வீணாக்க நெசவாளர் விரும்புவதில்லை. முந்தியில் கைவேலையைக் குவித்து, கொசுவத்துக்குள் போகும் இடத்தை எளிமையாக விடும் நம் ஊர்ச் சேலை நெசவாளருக்கு இந்தக் கணக்கு விளக்காமலே விளங்கும்.

வெட்டக் கூடாது என்பதற்குக் காரணம் அதன் உட்புறத்தில் இருக்கிறது. உருவங்களை எழுப்பும் வண்ண ஊடை இழைகள், தமக்கு வேலையில்லாத இடங்களில் துணியின் பின்பக்கமாகத் தாவிச் செல்கின்றன. அந்தத் தளர்ந்த இழைகளைப் பின்புறப் பட்டு மறைத்து நிற்கிறது. பெரும்பாலும் இடையே விறைப்புக்காக ஒரு பருத்தித் துணியும் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். கத்தரி ஓரிடத்தில் ஓடினால் தாவும் இழைகளெல்லாம் அறுபட்டு, கொக்கின் சிறகு விளிம்பிலிருந்து பிரியத் தொடங்கும். இரண்டு உறைகளுக்காக அந்தக் கொக்கைக் கொல்ல வேண்டாம்.

முழுதாகவே பயன்படுத்த வழி உண்டு. சுவரில் வழுவழுப்பான மரக்கழி ஒன்றைக் கிடையாகப் பொருத்தி, ஓபியை அதன்மேல் ஏற்றத்தாழ்வாகப் போடுங்கள்: வேலைப்பாடு மிகுந்த முனை முன்னால் நீளமாகத் தொங்கட்டும், வெறும் பகுதி பின்னால் மறைந்து போகட்டும். ஆணி அடிப்பதும் கிளிப்பு மாட்டுவதும் கூடாது. நீண்ட சாப்பாட்டு மேசையின் நடுவில் விரிப்பதானால், மிச்ச நீளத்தை இரு முனைகளிலும் அடியில் மடித்துவிடலாம். குழம்புப் பாத்திரம் அங்கே வரும் நாளில் அதை எடுத்துவிடுவது நல்லது. ஜப்பானியரே பழைய ஓபிகளை மேசை விரிப்பாகவும் கைப்பையாகவும் சுவர் அலங்காரமாகவும் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதால் மரியாதைக் குறைவோ என்று தயங்க வேண்டியதில்லை. கொக்கும் பைனும் அங்கே நீண்ட ஆயுளுக்கான மங்கலச் சின்னங்கள், மணவீட்டுக்கு ஏற்றவை.

ஒரு எச்சரிக்கை. நம் சரிகையில் உலோகக் கம்பியை நூலின் மேல் சுற்றியிருப்பார்கள்; ஜப்பானியப் பொன்னிழையோ, பெரும்பாலும், கைக்காகிதத்தில் பொன் தகட்டை ஒட்டி மயிரிழைபோல் நறுக்கியெடுத்தது. தண்ணீரில் நனைத்தாலும் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தாலும் அது கெட்டுவிடும்.

கேள்வி: பள்ளி விழாவில் மாணவிகள் ஜப்பானிய உடையில் நடிக்க இருக்கிறார்கள். நான்கு மீட்டர் துணியை முதுகில் கட்டுவது எப்படி? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(மார்த்தாண்டம் ஆசிரியை)

பதில்: முதலில் கிமோனோவைக் கவனியுங்கள். அணிபவரின் இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் அடியிலும் வரவேண்டும். மாற்றி உடுத்தினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை; பார்ப்பவர் யாரேனும் ஜப்பான் சென்று வந்தவராக இருந்தால் நாடகத்தின் கதையே மாறிவிடும்.

இன்று பெரிதும் வழக்கிலுள்ள பெட்டி போன்ற முடிச்சுக்கு மேளமுடிச்சு என்று பெயர். எடோ (இன்றைய டோக்கியோ) நகரின் கமெய்டோ தென்ஜின் ஆலயத்தில் வளைந்த மேளப்பாலம் 1817இல் மீண்டும் கட்டப்பட்டபோது, ஃபுக்காகவாப் பகுதியின் கெய்ஷாக்கள் (ஆடல் பாடல் கலைப் பெண்கள்) இப்படிக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து இது பரவியதாகச் சொல்வார்கள். அதன் வடிவம் தானே நிற்பதில்லை. முடிச்சின் உள்ளே மேலே ஒரு சிறு திண்டு இருக்கும்; அதை மூடும் மெல்லிய பட்டுத்துணி முன்பக்கம் வந்து கச்சையின் மேல்விளிம்பில் செருகப்படும்; எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது நடுவில் கட்டும் பின்னல் கயிறு. பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். பழைய சரிகைச் சேலையை ஓரடி அகலமாக மடித்து இடுப்பில் சுற்றி, முடிச்சைத் தனியாகத் தைத்து முதுகில் பின்குத்திவிடுங்கள். ஜப்பானிலும் இப்படி முன்கூட்டியே தைத்த ஓபிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

கேள்வி: கடற்கரையோரம் வசிக்கிறோம். இத்தகைய பட்டு இங்கே தாங்குமா?
(குளச்சல் வாசகர்)

பதில்: தாங்கும், கவனிப்பு வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு பருவமழையையும் பெறுவதால் ஈரம்தான் முதல் எதிரி. சுவரில் தொங்குவதை ஆண்டு முழுவதும் விட்டுவைக்காமல், சாரல் தொடங்குமுன் எடுத்து, உருளைபோல் தளர்வாகச் சுருட்டி, சலவை செய்த பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து மர அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது; பாச்சா உருண்டை போடுவதானால் துணியில் படாமல் தள்ளிப் போடுங்கள். தை, மாசியில் வறண்ட காற்று வீசும் நாளொன்றில், வெயில் படாத திண்ணையில் சில மணி நேரம் விரித்து வைத்துவிட்டு, பொழுது சாயுமுன் மீண்டும் தளர்வாகச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.