ஒரே மாத்திரை, அண்ணனுக்கு கேக்குது, வீட்டுக்காரருக்கு கேக்கலையே?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 41 வயசு, பல வருஷக் குடி. ரெண்டு மாசமா நிறுத்திட்டார், ஆனா யார்கூடவும் பேசாம சுவத்தைப் பார்த்து படுத்தே கெடக்கார். மனச்சோர்வுக்குன்னு செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. இதே மாத்திரையிலதான் என் அண்ணன் தேறி வேலைக்குப் போறார், இவருக்கு ஒண்ணும் தெரியல. ஜீன் டெஸ்ட் எடுத்தா எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சிடும்னு சொல்றாங்க, எடுக்கலாமா? – வாசகி, கரூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. அந்தக் காசை கையில வச்சுக்கிட்டு முதல்ல ரெண்டு விஷயம் யோசிச்சுப் பாருங்க, அவர் எந்த வயசுல குடிக்கு அடிமையானார், குடிக்காம இருந்த காலத்துலயும் இப்படி சோர்ந்து கெடந்தாரா. டெஸ்ட் ரிப்போர்ட்டை விட இது எனக்கு ஜாஸ்தி சொல்லும்.

அதுக்காக ஜீன் விஷயம் டூப்புன்னு சொல்லல. மூளையில நரம்பு செல் வெளிய விடுற செரட்டோனினை (மனநிலையோட சம்பந்தப்பட்ட ஒரு ரசாயனம்) திரும்ப உள்ள இழுக்க ஒரு புரோட்டீன் இருக்கு, செர்ட்ராலின் போய் அடைக்கிறது அதைத்தான். அந்த புரோட்டீனோட ஜீன் 17ஆவது குரோமோசோம்ல இருக்கு, அதுல ஒரு பகுதி சிலருக்கு நீளம், சிலருக்கு குட்டை, அம்மாகிட்டருந்து ஒண்ணு அப்பாகிட்டருந்து ஒண்ணு வர்றதால ரெண்டுமே நீளமா இருக்கவங்களும் உண்டு. அமெரிக்காவுல கிரான்ஸ்லர் குழு குடிநோயாளிங்க 134 பேருக்கு 12 வாரம் செர்ட்ராலினோ டம்மி மாத்திரையோ குடுத்துப் பார்த்து 2011ல வெளியிட்டாங்க. ரெண்டும் நீளமா இருந்து, குடிக்கு லேட்டா அடிமையானவங்க செர்ட்ராலின்ல குடியைக் குறைச்சாங்க. அதே நீள ஜீன் இருந்தும் சின்ன வயசுலயே மாட்டினவங்களுக்கு டம்மிதான் பரவால்லன்னு வந்துச்சு! குட்டை இருந்தவங்களுக்கு மாத்திரையால வித்தியாசமே இல்ல. பாருங்க, வயசைக் கேக்காம ஜீனை மட்டும் பார்த்திருந்தா தப்பாப் போயிருக்கும். அதுவும் இது குடி குறையுதான்னு பார்த்த ஆய்வு, மனச்சோர்வு தீருதான்னு இல்ல.

ஒரு ஆய்வை நம்பி மருந்து எழுத முடியாதுங்கறதுக்கு, குடி ஆசையைக் குறைக்கக் குடுக்கற நால்ட்ரெக்ஸோன் மருந்தே சாட்சி. ஒரு குறிப்பிட்ட ஜீன் இருந்தா அது நல்லா கேக்கும்னு 2003ல பெரிய பேச்சு, அப்புறம் ஜீனைப் பார்த்தே ஆளைப் பிரிச்சு சோதிச்சு 2015ல வெளியிட்டப்போ அது நிக்கல. செரட்டோனின் ஜீனைப் பார்த்து மருந்து எழுத ஆதாரம் போதாதுன்னு 2023ல வந்த சர்வதேச வழிகாட்டியும் சொல்லிடுச்சு.

உருப்படியா உதவுற ஜீன் கல்லீரல் பக்கம் இருக்கு. சிஒய்பி2சி19னு ஒரு என்சைம், செர்ட்ராலின், அதே வகை மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராம் எல்லாம் உடம்புல கரையறதுல அதுக்குப் பங்கு உண்டு. அது வேலை செய்யாதவங்களுக்கு மருந்து ரத்தத்துல தேங்கும், எஸ்சிட்டலோபிராம்னா டோஸைப் பாதியா குறைக்கலாம்னு அதே வழிகாட்டி சொல்லுது. இந்தக் குறை ஐரோப்பியர்களை விட நம்ம ஆளுங்களுக்கு ஜாஸ்தி, ஜிப்மர்ல தமிழர்களை வச்சே ஆய்வு பண்ணியிருக்காங்க. ஆனா இது டோஸுக்குத்தான், யாருக்கு எது கேக்கும்னு ஜோசியம் சொல்லாது. குடியில ஏற்கனவே அடிபட்ட கல்லீரல்னா கல்லீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கற எல்எஃப்டி ரத்த டெஸ்ட்தான் அவசரம், அதை எடுத்தாச்சா?

இப்போ உங்க வீட்டுக்காரர் கதைக்கு வருவோம். ஷக்கிட், பிரவுன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988ல எழுதினது, குடியை நிறுத்த அட்மிட் ஆனவங்கள்ல 42 சதவீதம் பேருக்கு கடும் சோர்வு இருந்துச்சாம், நாலு வாரம் குடிக்காம இருந்ததும் அது வெறும் 6 சதவீதம். இவரு ரெண்டு மாசம் தாண்டியும் அப்படியே கெடக்கார்னா (நடுவுல யாருக்கும் தெரியாம ஒரு குவார்ட்டர் போகலன்னு வச்சுக்குவோம்) குடிக்கு அப்பாற்பட்ட மனச்சோர்வாத்தான் எனக்குத் தோணுது, அதை விடக்கூடாது. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க, 25 மில்லிகிராம்னு போட்டிருக்கா 50னா, எத்தனை குழி காலி. முக்காவாசி வீட்ல விஷயம் அங்கதான் இருக்கும், ஆரம்ப டோஸான 25லயே நின்னுபோயிருக்கும், இல்ல பத்து நாள் போட்டு மூணு நாள் விட்டிருப்பாங்க. சரியான டோஸ்ல ஆறு வாரம் போட்டும் அசையலன்னாதான் மாத்தறதைப் பத்தி பேசணும்.

டாக்டர்கிட்ட இன்னொண்ணும் கேளுங்க, நால்ட்ரெக்ஸோனும் சேர்க்கலாமான்னு. மனச்சோர்வும் குடியும் சேர்ந்திருந்த 170 பேர்கிட்ட 14 வாரம் பார்த்து 2010ல வெளியிட்டதுல ரெண்டும் சேர்த்து எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல குடியைத் தொடல, தனித்தனியா எடுத்தவங்கள்ல சுமார் கால்வாசிப் பேர்தான் அப்படி இருந்தாங்க. கல்லீரல் தாங்குமான்னு அவங்க பார்த்துதான் எழுதணும், நீங்களா கடையில வாங்காதீங்க. நடுவுல செத்துடலாம்னு அவர் வாயில வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போங்க, ராத்திரின்னாலும் 14416க்குப் போட்டா டெலி மனஸ்ங்கற அரசு மனநல உதவி எண்ல எடுப்பாங்க.