தட்டிலிருந்து முகத்துக்கு

அன்புள்ள ஐயா,

கோழியும் மீனும் சிறுவயதிலிருந்தே உண்டு வருகிறேன். ஆனால் முயல், ஆட்டுக்குட்டி, ஈரல், மூளை ஆகியவற்றை என்னால் வாயில் வைக்க முடிவதில்லை. தலையோடு முழுதாகச் சுட்டு வைத்த விலங்கைப் பார்த்தாலே குமட்டுகிறது. திருமணமாகி வந்த வீட்டில் பண்டிகை நாள்களில் இவை இல்லாமல் விருந்தே இல்லை. “கோழி தின்கிறவளுக்கு முயல் மட்டும் என்ன பாவம் செய்தது?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். என் நிலைப்பாட்டில் முரண் இருக்கிறதா? முழுச் சைவமாகிவிடுவதுதான் நேர்மையா? அப்படி மாறினால் சத்துக்குறைவு வருமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த மாத விருந்தில் மாமியார் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? அவர்கள் எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, இவர்களுக்கு இரக்கமே கிடையாதா என்று தோன்றுகிறது. என் ஐந்து வயது மகனிடம் “அந்தப் பக்கம் பார்க்காதே” என்று சொல்லி, அவனை வேறு அறைக்கு அழைத்துச் சென்று ஊட்டுகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சத்துக்குறைவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முரண் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதனால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எதை வாய்க்குள் அனுமதிப்பது என்பதைத் தர்க்கத்தால் நிறுவிக் காட்ட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. சைவமாக மாறுவது உங்கள் விருப்பம், ஆனால் வீட்டார் கேட்ட ஒரு கேலிக் கேள்விக்குப் பதிலாக அதைச் செய்யாதீர்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான். சில காலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அவை தொட்டுவிட்டன.

முதலில் உங்கள் குமட்டலைப் பற்றி. அது பொய்யோ பாசாங்கோ அல்ல. பிறர் வீட்டில், பலர் பார்த்திருக்க, தொண்டை மறுக்கும் ஒன்றைச் சிரித்த முகத்துடன் விழுங்குவது எவ்வளவு பெரிய தனிமை என்பது எனக்குப் புரிகிறது. விருந்தாளி எவ்வளவு உண்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் உபசரிப்பில் வன்முறை இருக்கிறது. அதைச் செய்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதால் அந்த வன்முறை குறைந்துவிடுவதில்லை. உங்கள் தட்டில் எது விழலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே உரியது.

ஆனால் அந்தக் குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பாருங்கள். 1833இல் சார்லஸ் டார்வின் அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் பயணம் செய்தபோது, ஓர் இரவு உணவில் தாம் தின்றுகொண்டிருப்பது பிறக்கும் காலத்துக்கு வெகுமுன்பே தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட கன்று என்று எண்ணி நடுங்கிப்போனார், அது அந்தப் பகுதியினர் விரும்பி உண்ணும் பண்டம் என்பதால். பிறகுதான் அது பூமா என்னும் காட்டு விலங்கின் இறைச்சி என்று தெரிந்தது. உடனே அவருடைய எழுத்தில் நடுக்கம் மறைந்து, இறைச்சி மிக வெண்மையானது, கன்றிறைச்சியின் சுவையை ஒத்தது என்ற நிதானமான குறிப்பு வருகிறது. வாயில் இருந்த துண்டு மாறவில்லை, அதைப் பற்றிய எண்ணம் மட்டும் மாறியது. நாம் நாக்கால் அருவருப்பதைக் காட்டிலும் நினைப்பால் அருவருப்பதே அதிகம்.

இங்கேதான் உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. உங்களுடைய அருவருப்புக்கு நீங்கள் இரக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறீர்கள். ஈரலை ஒதுக்குவதால் எந்த ஆடு பிழைத்தது? மூளையைத் தொடாமல் இருப்பதால் எந்த உயிரின் வலி குறைந்தது? நீங்கள் மகிழ்ச்சியோடு உண்ணும் கோழி, நீங்கள் முகம் திருப்பும் முயலைவிடக் குறைவாகத் துடித்ததா? இரண்டு உணர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன என்பதால் இந்தக் குழப்பம் நேர்வது இயல்புதான். நார்வேயைச் சேர்ந்த ஜோனாஸ் குன்ஸ்ட், சிக்ரிட் ஹோலே ஆகிய உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சுட்ட பன்றியைத் தலையோடு பார்த்தவர்களுக்கு, தலை நீக்கப்பட்டதைப் பார்த்தவர்களைவிட, விலங்கின் மீதான பரிவும் உண்பதில் அருவருப்பும் சேர்ந்தே மிகுந்திருந்தன. உங்களுக்கு நேர்வதும் அதுதான். ஆயினும் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு, ஏனெனில் இரக்கம் துன்புறும் உயிரை நோக்கிச் செல்கிறது. அருவருப்போ தன்மீது எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று தன்னையே காத்துக்கொள்கிறது. இரக்கம் என்று அதை நீங்கள் அழைத்த கணத்தில், எதிரே அமர்ந்து உண்பவர்களுக்கு அது இல்லை என்று தீர்ப்பு எழுதும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டீர்கள்.

இந்த உணர்வு உணவோடு நிற்பதேயில்லை. அதே டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில், தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள டியர்ரா டெல் ஃபுவேகோவில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். அவர் உண்டுகொண்டிருந்த குளிர்ந்த, பதப்படுத்திய இறைச்சியை அந்நிலத்தைச் சேர்ந்த ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையைக் கண்டு முற்றாக அருவருத்தார். டார்வினோ, தம் உணவை ஆடையற்ற ஒரு ‘காட்டுமிராண்டி’ தொட்டுவிட்டதை எண்ணி அதே அளவுக்கு அருவருத்தார். அந்தக் கைகள் அழுக்காகத் தெரியவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவருடைய அருவருப்பு இறைச்சியோடு நின்றது. மற்றவருடையது மனிதன்மேல் விழுந்தது. கைகள் சுத்தமாக இருந்தன என்று கண் சொல்லியும் மனம் கேட்கவில்லை. ஒரு மக்கள் கூட்டம் இன்னொரு மக்கள் கூட்டத்தைத் தொடக் கூசிய இடத்திலெல்லாம், அவர்கள் எதைத் தின்கிறார்கள் என்ற பேச்சு முன்னாலேயே வந்துவிடுகிறது. தட்டில் இருப்பதைக் கண்டு சுளித்த முகம், தட்டுக்கு மேலே இருக்கும் முகத்தைக் கண்டு சுளிக்க நெடுங்காலம் ஆவதில்லை. எலும்பை உறிஞ்சுபவருக்கு இரக்கமில்லை என்று எழுதியபோது நீங்கள் அந்தத் தூரத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள், ஆர். அவர்களில் ஒருவர் உங்களுக்குக் காய்ச்சல் வந்த இரவில் விழித்திருந்திருக்கலாம். அதை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

என் பெரியம்மா ஆடு வளர்த்தவர். தன் கையால் தழை ஊட்டிய ஆட்டின் கறியை அவர் ஒருபோதும் உண்டதில்லை. பண்டிகையன்று அதைச் சமைப்பவரும் அவரே, பரிமாறுபவரும் அவரே. எல்லாரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து, தன் தட்டில் அந்தக் கறி இல்லாமல் சாப்பிடுவார். நடுநடுவே எழுந்து, நல்லி எலும்பாகத் தேடி எடுத்து என் தட்டில் வைப்பார். நான் அதை உறிஞ்சும்போது அவர் பார்வையில் ஒரு துளி விலகலும் இருந்ததில்லை. யாராவது வற்புறுத்தினால் “எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்” என்பார். காரணம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் நாங்கள் அனைவரும் அன்று குற்றவாளிகளாகி இருப்போம். அந்த ஆட்டின் மீது அவருக்கு இருந்தது உண்மையான இரக்கம் என்று நான் நம்புகிறேன். அது எங்களை நோக்கியும் நீண்டிருந்தது.

இனி உங்கள் மகன். உளவியலாளர் பால் ரோசினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் நடத்திய ஆய்வுகளில், பெரியவர்கள் தொடவே கூசுபவை போலத் தோற்றமளித்த பண்டங்களை மிகச் சிறிய குழந்தைகள் தயங்காமல் வாயில் போட்டுக்கொண்டார்கள். கசப்பைத் துப்பும் பழக்கம் பிறப்பிலேயே இருக்கிறது. அருவருப்பு அப்படியல்ல, வளர வளர, சுற்றியிருப்பவர்களின் முகங்களைப் பார்த்து வருவது. ஐந்து வயது அதற்கு மிகக் கூர்மையான பருவம். நீங்கள் அவனை வேறு அறைக்கு இழுத்துச் செல்லும்போது அவன் முயலைப் பற்றி எதையும் கற்றுக்கொள்வதில்லை. தன் பாட்டியும் சித்தப்பாவும் பார்க்கத் தகாத எதையோ செய்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்கிறான். அவனுக்குக் கறி வேண்டாமென்றால் கொடுக்காதீர்கள், வேண்டுமென்றால் தடுக்காதீர்கள். இரண்டு நிலையிலும் அவன் அந்த வரிசையிலேயே, அவர்கள் பக்கத்திலேயே உட்காரட்டும். “அந்தப் பக்கம் பார்க்காதே” என்று நீங்கள் சொன்ன சொல்லை விருந்துக்கு முன்பே அவனிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மாமியாரிடம் என்ன சொல்வது என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்.