வாசகர் கேள்வி – பதில்: ஊர்க் குழுவில் பேச்சும் ஒழுங்கும்

இணையத்தில் கூடிப் பேசும் குழுக்களை நடத்துவதில் எழும் சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். மரண அறிவித்தல், கோயில் சடங்கு, மின்வெட்டு, காணி விற்பனை, தேர்தல் வாக்குவாதம், காலை வணக்கப் படம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. சென்ற மாதம் என் பெரியம்மாவின் மரண அறிவித்தல் இவற்றுக்குள் புதைந்துபோய், பக்கத்து ஒழுங்கையில் இருந்தவர்களே அடக்கம் முடிந்த பின்னர்தான் அறிந்தார்கள். நாங்கள் மூன்று பேர் அட்மின்களாக இருக்கிறோம். எங்கே தொடங்குவது?
— ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: பெரியம்மாவின் மறைவுக்கு எமது அனுதாபங்கள். உங்கள் கடிதத்தில் யாரும் யாரையும் ஏசியதாக ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு முக்கியமெனப் பட்டதையே அனுப்பியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் எல்லாவற்றிலும் அவசரமான செய்தி உரியவர்களைச் சேரவில்லை. ஆகவே ஆட்களைத் திருத்த முனைவதற்கு முன்னர் இடத்தைப் பிரிக்க வேண்டும்.

இன்று நாம் பார்க்கும் இணையத்தளங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்தச் சிக்கல் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் ஆகிய இருவர் 1979 இல் சிந்தித்துத் தொடங்கிய யூஸ்நெட் என்னும் வலையமைப்பில், பல்கலைக்கழகங்களின் கணினிகள் தொலைபேசி இணைப்பு வழியாக ஒன்றுக்கொன்று செய்திகளைப் பரிமாறிக்கொண்டன. சில ஆண்டுகளுக்குள் அங்கே எதை எங்கே தேடுவது என்பது தெரியாத நிலை வந்தது. 1986, 1987 ஆம் ஆண்டுகளில் அதை நடத்தியவர்கள் எல்லாப் பேச்சையும் கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் என்பன உள்ளிட்ட ஏழு பெரும் பிரிவுகளாக வகுத்தார்கள். முடிவில்லாமல் நீளும் சர்ச்சைகளுக்கென்றே அவற்றுள் ஒரு பிரிவை ஒதுக்கினார்கள் என்பதுதான் எம்மைக் கவர்ந்த விடயம். வாதாடுவதை அவர்கள் தடுக்கவில்லை. வாதாட விரும்புபவர் போய் இருக்கவும் விரும்பாதவர் விலகி நிற்கவும் வசதியாக அதற்கு ஓர் இடம் கொடுத்தார்கள்.

உங்கள் ஊருக்கு ஏழு பிரிவு தேவையில்லை, மூன்று போதும். முதலாவது, அறிவித்தல் மட்டும். அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, ஊர்க் காரியங்களைப் பேசுவதற்கு. மூன்றாவது, அரசியல், விற்பனை, வாழ்த்து, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும். இவற்றை ஒரே குடையின் கீழ் இணைக்கும் வசதியை வட்ஸ்அப் 2022 இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் மூன்று பேர் மட்டும் நிர்வாகிகளாக இருந்தால் நள்ளிரவில் நேரும் மரணத்தை அறிவிக்க ஆள் விழித்திருக்க மாட்டார்கள். குறிச்சிக்கு ஒருவர் என்ற கணக்கில் அறிவித்தல் பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள். அந்தப் பொறுப்பாளர்களின் பெயர்களை எழுதிக் குழுவின் மேற்பகுதியில் ஒட்டிவைத்தால், துக்க வீட்டார் யாரிடம் சொல்வது என்று தடுமாற வேண்டியதில்லை.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுடைய குழுவில் தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிறோம். மற்றச் சமூகத்தைப் பற்றிய வதந்தி ஒன்றை யாராவது பகிர்ந்தால், அதை உடனே அழிப்பதா, விட்டுவைத்து மறுப்பு எழுதுவதா? அழித்தால் "உண்மையை மறைக்கிறார்கள்" என்கிறார்கள். மறுப்பு எழுதினால் வாசிக்காமலே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.
— வாசகர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: வஅலைக்கும் ஸலாம். இந்தக் கேள்வியை அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒருவர் கேட்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை நாம் நன்றாக உணர்கிறோம். 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கடையில் இருந்தவர் அச்சத்திலும் மொழிக் குழப்பத்திலும் அதை ஒப்புக்கொள்வதுபோலத் தலையாட்டிய காணொளி கைபேசிக்குக் கைபேசி பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் கண்ட பொருள் வெறும் மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் தெரிவித்தது. அதற்குள் மார்ச் மாதத்தில் திகனையும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களும் எரிந்துவிட்டன. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சுமார் ஒரு வாரத்துக்கு முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பேச்சை வாசித்து விளங்கிக்கொள்ளப் போதிய ஆட்களை அந்நிறுவனம் வைத்திருக்கவில்லை என்பது அக்காலத்தில் பலரும் முன்வைத்த குற்றச்சாட்டு.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்று உண்டு. முகநூலிலாவது பொதுவில் இடப்படும் பதிவை நிறுவனமே பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. வட்ஸ்அப் செய்திகளோ அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே பூட்டப்பட்டிருப்பதால், குழுவில் உள்ள ஒருவர் முறைப்பாடு செய்தாலன்றி நிறுவனம் அவற்றை வாசிக்க முடியாது. உங்கள் குழுவுக்குள் வரும் வதந்தியை உடனே பார்க்கவும் நிறுத்தவும் உங்களைத் தவிர வேறு காவல் இல்லை. உங்களுக்கு இருக்கும் பலமும் அதுவே. எந்த நிறுவனத்தின் அலுவலருக்கும் தெரியாத அளவுக்கு உங்கள் ஊரின் பேச்சுமொழியையும், எந்தச் சொல் யாரைச் சுடும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே எமது பதில்: முதலில் அழியுங்கள், உடனே காரணத்தை எழுதுங்கள். நிர்வாகி மற்றவர்களின் செய்தியை எல்லோருக்கும் அழிக்கும் வசதி 2022 முதல் இருக்கிறது. அழித்தவர் நிர்வாகி என்பதும் குழுவில் தெரியும். அந்த இடத்தில், "இந்த நேரத்தில், இந்த விடயம் பற்றி வந்த ஒரு செய்தி, ஆதாரம் தரப்படாததால் அகற்றப்பட்டது, ஆதாரம் உள்ளவர் நிர்வாகிகளிடம் தரலாம்" என்று எழுதுங்கள். வதந்தியின் வாசகத்தை மறுப்பிலும் திரும்ப எழுத வேண்டாம். மறுப்பை அரைகுறையாக வாசிப்பவருக்கு வதந்தி மட்டுமே மனதில் நிற்கும். பல தடவை கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும் என்பதையும், 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இரட்டை அம்பு விழுந்த எதையும் இக்குழுவில் பகிர்வதில்லை என்ற ஒரே விதி, வாதம் எதுவும் இல்லாமல் பாதிச் சுமையைக் குறைத்துவிடும். நிர்வாகிகளில் இரு சமூகத்தவரும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு சமூகத்தைப் பற்றிய வதந்தியை மற்றச் சமூகத்து நிர்வாகி முந்திக்கொண்டு அழிப்பதை நீங்கள் வழக்கமாக்கினால், "மறைக்கிறார்கள்" என்ற பேச்சு தானாகவே வலுவிழக்கும்.

கேள்வி: பழைய மாணவர் குழு ஒன்றில், கணக்கு விபரம் கேட்டதற்காக என்னை ஒரு சொல்லும் சொல்லாமல் நீக்கிவிட்டார்கள். நீக்கியவரே கணக்குக்குப் பொறுப்பானவர். இது முறைதானா?
— வாசகர் ஒருவர், வாழைச்சேனை

பதில்: முறையல்ல. 1997 இல் தொடங்கிய ஸ்லாஷ்டொட் என்ற அமெரிக்கத் தளத்தில் வாசகர்களே மாறிமாறி, பிறர் எழுதியதை மதிப்பிடும் மட்டுறுத்துநர்களாகக் கடமையாற்றினார்கள். எந்த விவாதத்தில் ஒருவர் தாமே கருத்தெழுதினாரோ, அந்த விவாதத்தில் பிறர் எழுதியதை மதிப்பிடும் உரிமை அவருக்கு இல்லை என்பது அங்கே விதி. பிணக்கில் ஒரு பக்கத்தவர் அப்பிணக்குக்கு நடுவராக இருக்க முடியாது என்பது நமது ஊர்ச் சபைகளுக்கும் தெரிந்த நியாயந்தான்; அத்தளத்தை நடத்தியவர்கள் அதை இயந்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். இணைய நிறுவனங்கள் பதிவுகளையும் கணக்குகளையும் நீக்குவது பற்றி 2018 இல் மனித உரிமை அமைப்புகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட சாந்தா கிளாரா கோட்பாடுகளும், நீக்கப்படுபவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும் என்கின்றன. அவை பெரிய நிறுவனங்களுக்காக எழுதப்பட்டவை எனினும், இருநூறு பேர் உள்ள குழுவுக்கும் பொருந்தும். உங்களை நீக்கியதில் சம்பந்தப்படாத வேறொரு நிர்வாகிக்கு நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே எழுத்தில் அனுப்பி, அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை எடுக்குமாறு கேளுங்கள். கணக்கு சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு உரியது. குழுவிலிருந்து உங்களை நீக்கியதால் அங்கத்துவம் போய்விடவில்லை.

கேள்வி: கமக்காரர் குழுவில் பெண்கள் முப்பது பேர் வரை இருக்கிறோம். ஒருவரும் எழுதுவதில்லை. நான் ஒரு நாள் உர மானியம் பற்றிக் கேட்டேன். அன்றிரவே அறிமுகமில்லாத இரண்டு பேர் எனக்குத் தனியே செய்தி அனுப்பினார்கள். அதன்பின் நானும் எழுதுவதில்லை.
— சகோதரி ஒருவர், திருக்கோவில்

பதில்: சகோதரி, நீங்கள் மௌனமானதற்கு நீங்கள் பொறுப்பல்ல. வட்ஸ்அப் குழுவில் சேரும் ஒவ்வொருவருடைய தொலைபேசி இலக்கமும் அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆண்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, ஒரு கேள்வி கேட்டதற்கே உங்களிடம் விலை வாங்குகிறது. குழுவில் கிடைத்த இலக்கத்துக்கு அனுமதியின்றித் தனியே செய்தி அனுப்புபவர் முதல் தடவையிலேயே நீக்கப்படுவார் என்று விதி எழுதுமாறு நிர்வாகிகளிடம் கேளுங்கள். ஏனைய தவறுகளுக்கு எச்சரிக்கை போதும். இதற்கு எச்சரிக்கை வேண்டாம் என்பது எமது உறுதியான கருத்து. அந்த முறைப்பாட்டை ஒரு பெண்ணிடமே சொல்லக்கூடியதாகக் குறைந்தது ஒரு பெண் நிர்வாகியாக இருக்க வேண்டும். வந்த செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் தானாகவே பாயும். கடைசி வரவை வரைக்கும் அது போய்ச் சேர்ந்ததா என்று நடந்துபோய்ப் பார்ப்பதற்காகவே, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை இருக்கிறார். போகத்தின் தொடக்கத்தில் கமக்காரர் கூடும் கன்னக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைத் தீர்மானித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் கடைசி வயல் காய்ந்துவிடும். குழுவிலும் நாளுக்கு ஐம்பது செய்தி எழுதும் நான்கு பேரை அடக்குவதோடு உங்கள் வேலை முடிவதில்லை. ஒரு மாதமாக ஒரு சொல்லும் எழுதாதவர்கள் யார், ஏன் எழுதவில்லை என்று விசாரியுங்கள். எல்லோரும் பார்க்கும்படி கேட்காமல், வீட்டார் மூலமோ பெண் நிர்வாகி மூலமோ கேட்பது நல்லது.

கேள்வி: உறுப்பினர் ஒருவர் எழுதியதற்காக அட்மினைப் பொலிஸ் பிடிக்குமா?
— இளைஞர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: நமது நாட்டில் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் (இணையவழிக்) காப்புச் சட்டம் அவ்வாண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராக 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள், உறுப்பினர் எழுதியதற்கு நிர்வாகி வெறுமனே நிர்வாகி என்பதால் பொறுப்பாகமாட்டார் என்று முறையே 2021 இலும் 2022 இலும் தீர்ப்பளித்தன. அத்தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்த மாட்டா. உங்களுக்கு முறைப்பாடு வந்த பின்னரும் வெறுப்புச் செய்தியை விட்டுவைப்பது எந்தச் சட்டத்தின் கீழும் உங்களுக்கு உதவாது. பொலிஸிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.

கேள்வி: தமிழிலேயே பேசி, தமிழிலேயே முடிவெடுக்கும் நல்ல முன்மாதிரி இணையத்தில் உண்டா?
— பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

பதில்: உண்டு. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. பொதுவான விடயங்களைப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுதும் ஒவ்வொருவரும் கருத்தின் முடிவில் கையொப்பமிடுகிறார்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்பது போன்ற நெடிய வாதங்களை நிதானமாக நடத்திய பக்கங்களை அங்கே வாசிக்கலாம்.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது. கைபேசியில் எழுத வராது. குழுவில் குரலில் பேசி அனுப்பினால், "வொய்ஸ் போட வேண்டாம்" என்கிறார்கள். அப்படியென்றால் நான் பேசக்கூடாதா?
— கமக்காரர் ஒருவர், படுவான்கரை

பதில்: ஐயா, நீங்கள் பேச வேண்டும். நீண்ட குரற்பதிவுகளைக் கேட்க நேரமில்லை என்பவர்களின் சிரமமும் உண்மையானதே. ஒரு நிமிடத்துக்குள் பேசுங்கள். எந்த விடயம் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்பதிவின் கீழே அதன் சாரத்தை ஒரே வரியில் எழுதிவிடும் பொறுப்பைக் குழுவின் இளையவர்களில் ஒருவருக்கு நிர்வாகிகள் கொடுக்கட்டும். இந்தப் பக்கத்தை நிர்வாகிகளுக்கு வாசித்துக் காட்டும்படி உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.